கொஞ்சலுக்கு வேறு சொல்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது, சார். பரவாயில்லை, குடித்துவிட்டேன். நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள், நானும் நிதானமாகவே சொல்கிறேன். எங்காவது புரியாவிட்டால் நிறுத்துங்கள். சொல்லுக்குப் பொருள் சொல்வதுதான் என் பிழைப்பு.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இருக்கும் பழைய அகராதி ஒன்றைத் திருத்தி வெளியிடுகிற அலுவலகம் எங்களுடையது. போன வருடம் என் மேசைக்கு ஒரு கொத்துச் சொற்கள் வந்தன. எல்லாமே மிகையாகக் குழைகிறவர்களையும் உருகுகிறவர்களையும் குறிப்பவை. ட்வீ என்றால், எப்போதும் செல்லமாகவே காட்டிக்கொள்வது. கோய் என்றால், நாணுவதுபோல் நடிப்பது. மாகிஷ், திகட்டுகிற உருக்கம். மாட்லின், தன்னை நினைத்துத் தானே கண்ணீர் விடுவது. பழைய பதிப்பில் முக்கால்வாசிக்கும் ‘கொஞ்சல்’, ‘பாசாங்கு’ என்று போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள்.

“அதையே வச்சிடுங்களேன், யார் பார்க்கப் போறா?” என்றார் தலைமை ஆசிரியர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நம் சொற்களில் ஒரு மன்னிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிணுங்குகிறாள் என்று சொல்லும்போதே சொல்பவருக்கு வாயோரம் சிரிப்பு வந்துவிடும். அந்த ஆங்கிலச் சொற்களில் அது கிடையாது. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்ன மாதிரி இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். அதற்காக நான் எங்கும் அலையவில்லை. வீட்டில் என் மனைவி இருந்தாள்.

அவள் கெட்டவள் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மிக்சி திணறினால், “பாவம், அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு,” என்பாள். பஸ் நிற்காமல் போனால், “கோவிச்சுக்கிட்டுப் போறான் பாரு,” என்று மகளுக்குக் காட்டுவாள். தாயைப்போலப் பிள்ளை. ஒருநாள் மகள் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “இதோட தங்கச்சியக் காணோம்பா,” என்று கண் கலங்கினாள். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் நான் ரசித்ததாக என் கொழுந்தியாள் உங்களிடம் சொல்லியிருப்பாள். இருக்கலாம். அப்போது எனக்கு அந்தச் சொற்கள் தெரியாது.

நான் கை நீட்டியதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அவள் குழைந்தால் “ட்வீ” என்பேன். கண்ணைத் துடைத்தால் “மாட்லின்” என்பேன். அவ்வளவுதான். முதலில் சிரித்தாள். “என்னங்க, நாய்க்குட்டியக் கூப்பிடுற மாதிரி இருக்கு,” என்றாள். பிறகு பொருள் கேட்டாள். சொன்னேன். அதன்பின் அவள் சிரித்துப் பார்த்த ஞாபகம் இல்லை. மிக்சி திணறினால் நிறுத்திவிட்டு அம்மியில் அரைத்தாள். மகளும் வாயைத் திறக்குமுன் என் முகத்தைப் பார்க்கப் பழகினாள். வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கொழுந்தியாள் ஒருமுறை வந்திருந்தபோது கேட்டாள்: “அக்கா வாயே செத்துப்போச்சு மாமா. என்ன பண்ணீங்க அவள?”

“தெளிவாயிட்டா,” என்றேன்.

ஒன்றுதான் பாக்கி இருந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இழுப்பு வந்தால் அந்தப் பழைய குரல் வந்துவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கெஞ்சலும் கொஞ்சலுமாக. வியாதி பாதி, ஜோடிப்பு பாதி என்று எனக்குப் பட்டது. அதனால் அவள் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தை எடுத்து என் அறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். வேண்டும்போது வந்து, ஒழுங்காகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். என் கைக்கு எட்டியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாடிப்படிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாடை வீடு முழுக்க இருந்தது. நான் மேசையில் இருந்தேன். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்க முயன்றாள்.

“என்னங்க... அத... கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்...”

“கோய்,” என்றேன். “நேரா கேளு.”

“மருந்து.”

“முழு வாக்கியமா.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்ததா என்று கேட்கிறீர்கள். பாரித்திருந்தது, பார்த்தேன். மகள் ஓடிவந்து நாற்காலியை அலமாரிப் பக்கம் இழுத்தாள். அவள் கையைப் பிடித்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். இறுக்கிப் பிடிக்கவில்லை. அம்மா சொல்லப்போவதை அவளும் கேட்கட்டும் என்றுதான்.

மனைவி சொன்னாள். இடையிடையே நிறுத்தி, ஆனால் முழுதாகச் சொன்னாள்: “எனக்கு மூச்சு வரல. மருந்து குடுங்க.”

சார், அதில் குழைவு இல்லை, கண்ணீர் இல்லை, ஒரு அசைகூட அதிகம் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் பேசிய மிகச் சுத்தமான பேச்சு அதுதான். இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது. “இன்னொரு தடவை சொல்லு,” என்றேன்.

அவளால் சொல்ல முடியவில்லை. நான் காத்திருந்தேன். மருந்து என் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் இருந்தது. எழுந்தால் எடுத்திருப்பேன். எழுந்திருக்கவில்லை. அவள் தலை சுவரில் சரிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன். பெயிண்ட் அடிப்பவர் தண்ணீர் கேட்டு எட்டிப் பார்த்து, கத்தி ஊரைக் கூட்டியிராவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் இருந்திருப்பேனோ தெரியாது. தற்செயல் என்று எழுதாதீர்கள். நான்தான் கொன்றேன். வார்த்தையை மழுப்புவது எனக்குப் பிடிக்காது.

நேற்று கொழுந்தியாள் என் மகளை இங்கே கூட்டிவந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் கொழுந்தியாள் ஒப்பாரி வைக்காத குறைதான், நீங்களே பார்த்தீர்கள். அம்மாவைத் தூக்கிப் போகும்போதுகூட மகள் அழவில்லையாம், அதிர்ச்சியாக இருக்கும் என்று உங்கள் பெண் போலீஸ் சொன்னார். அவருக்குப் பிள்ளையைத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு, என் கண்ணைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டாள்:

“அம்மா சரியாத்தானே கேட்டாங்க. ஏன் குடுக்கல?”

குரல் கொஞ்சங்கூட நடுங்கவில்லை. நல்லா கேட்டேம்மா, என்று பாராட்டி அனுப்பினேன்.