தோல் தராசில் ஏறி நின்றவள்

ஷூ கம்பெனி விட்ட நேரம். பேரணாம்பட்டு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் இன்னும் கம்பெனி பேட்ஜ். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

“தோல் எடை போடுற தராசுல இன்னிக்கும் ஏறி நின்னேன்க்கா. இன்னும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு.”

“நேத்து பர்வீன் வூட்டு கல்யாணத்துலயும் பிரியாணிய ஒதுக்கிட்டு வெறும் கத்திரிக்காவ துன்ன. இன்னாத்துக்குடி இன்னும்?”

“தம்பிக்கு கிட்னி குடுக்கணும்னா ஒடம்பு கொறையணும்னாரு டாக்டர். பட்டினி கெடக்காத, மெதுவா கொறைன்னாரு. மெதுவாத்தான் கொறைச்சேன்.”

“அவன்தான் போய்ட்டானேம்மா.”

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

“தராசுல இருந்து எறங்குனதும் அவனுக்குத்தான் மொதல்ல போன் போடுவேன். பழக்கத்துல இன்னிக்கும் போட்டுட்டேன்க்கா.”

“ஐயோ. யார் எடுத்தா?”

“அவன் பொண்டாட்டி. நான் வாய தொறக்கறதுக்குள்ள அவளே கேட்டா, ‘இந்த வாரம் எவ்ளோ கொறைஞ்சிருக்கு அண்ணி?’ன்னு.”