குழாய்க்கும் ஒரு கெடு வையுங்கள்

விதி எழுதும் பேனாவைக் கையில் பிடித்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், விசிறியின் காற்று முழுவதையும் தாமே வாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் எரிவாயு நிறுவனத்து அதிகாரி அவர்களே! இவ்வளவு நேரம் அவர் பேச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே! முன்வரிசையில் கையில் கட்டோடு அமர்ந்து, "அக்கா, வாயை அடக்கு" என்று கண்ணாலேயே கெஞ்சுகிற என் கூடப்பிறந்த தங்கச்சியே! எல்லோருக்கும் மேலே இருந்து எங்கள் தெருவின் நாற்றத்தை எங்களோடு சேர்ந்து சகித்த என் இறைவனே!

உங்கள் அனைவருக்கும் இப்போது வணக்கம் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். கோபத்தோடு சொன்னால் அது வணக்கம் ஆகாது. கடைசியில் பார்ப்போம்.

இதோ, மேடை ஓரத்தில் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். பளபளவென்று துலக்கியிருக்கிறார்கள். எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது, தீபம் இல்லை! விடிந்ததும் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகே வாயில் தண்ணீர் படவிடுகிறவள் நான். எனக்கு மனசு கேட்குமா? வாசலில் நின்ற காவலாளியைப் பிடித்து, "ஏன்யா ஏத்தல?" என்று கேட்டேன். அவர் ஒரு பதில் சொன்னார். அதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், நாம் எதற்குக் கூடியிருக்கிறோம்? மண்ணுக்கடியில் ஓடுகிற எரிவாயுக் குழாயில் கசிவு கண்டால், இத்தனை நாள் கெடுவுக்குள் அடைத்தே தீர வேண்டும் என்று விதியில் எழுதலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி. தலைவர் இன்று முடிவு சொல்லப் போகிறார். அதிகாரி தம்பி என்ன சொன்னார்? "பெரிய கசிவை உடனே அடைக்கிறோம். சின்னக் கசிவு ஆபத்தில்லாத வகை. அதைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம். கெடு எதற்கு?" என்றார்.

எதற்கா? என் தங்கச்சி கையைப் பாருங்கள்!

அவள் தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் அவள் மிஷின். எதிர்வீட்டில் ஒரு டீச்சரம்மா. இருவரும் அப்படியொரு சிநேகம். இவள் அளவெடுப்பாள், அவர் ஊர்க்கதை அளப்பார். ஒருநாள் தெருவில் நாற்றம் கிளம்பியது. அழுகின முட்டை நாற்றம். தங்கச்சி என்ன செய்தாள்? ஜன்னலைத் திறந்தாள், எதிர்வீட்டைப் பார்த்தாள், ஆரம்பித்துவிட்டாள்.

"டீச்சர், உங்க கக்கூஸ் தொட்டி நெறஞ்சிருச்சு போல. துணி குடுக்க வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றாங்க."

"எங்க தொட்டியா? உங்க பக்கத்துல இருந்து காத்தடிச்சாத்தான் எங்களுக்குக் கொமட்டுது. ஊருக்கே பாடம் சொல்றவ நான், எனக்கே பாடமா?"

"பாடம் சொன்னா மட்டும் போதுமா? தொட்டிய அள்ளணும்ல?"

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். டீச்சரம்மா வீம்புக்குத் தொட்டியை அள்ளினார். இவள் அதைவிட வீம்புக்கு அள்ளினாள். அள்ளிய இரண்டு வண்டியும் தெருமுனையில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு வழிவிடாமல் நின்றதுதான் மிச்சம். நாற்றம் நகரவில்லை! பேச்சு நின்றது, போக்குவரத்து நின்றது. டீச்சரம்மா தைக்கக் கொடுத்திருந்த சட்டை ஒரு கை வைத்தது வைத்தபடி, மறு கை இல்லாமல் ஆணியில் தொங்கியது.

அப்புறம் என்ன ஆனது தெரியுமா? மூக்கு பழகிவிட்டது. அதுதான் அக்கிரமம்! எச்சரிக்கை செய்வதற்காகவே அந்த வாயுவில் நாற்றத்தைக் கலக்கிறார்களாம். நாங்கள் அந்த எச்சரிக்கையை விலாசமாக்கிக்கொண்டோம். "நேரா வாங்க, நாறும், அங்க இடது பக்கம் திரும்புங்க" என்று விருந்தாளிக்கு வழி சொன்னோம். டீச்சரம்மா வாசல் மரம் இலை உதிர்த்தது, கிளை காய்ந்தது, பட்டே போனது. பூச்சி என்றோம். வேருக்கு மூச்சு முட்டியிருக்கிறது, யாருக்குத் தெரியும்? நடுத்தெருவில் மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம் இருந்தது. அது மங்கும்போதெல்லாம் யாரோ வந்து புதுசாகப் போட்டுவிட்டுப் போனார்கள். காய்கறி வண்டிக்காரர் தினமும் அதற்குள்ளேதான் வண்டியை நிறுத்துவார். கேட்டால், "எனக்குன்னே போட்டுக் குடுத்திருக்காங்கம்மா" என்று நெஞ்சை நிமிர்த்துவார்!

ஒரு காலை நேரம். தண்ணீர் ஏற்ற என் தங்கச்சி மோட்டார் சுவிட்சைத் தட்டினாள். சாக்கடை ஓரத்து மோட்டார், கசிந்த வாயு அங்கேதான் தேங்கி நின்றிருக்கிறது. 'பக்'கென்று ஒரே ஒரு சத்தம். நெருப்பு அவள் கையைப் பிடித்தது. முதலில் ஓடி வந்தது யார்? பேச்சை நிறுத்திய அந்த டீச்சரம்மா. நனைத்த போர்வையோடு வந்து அமுக்கினார். "அடியே, என்னப் பாருடி! கையப் பாக்காத, என்னப் பாரு!" என்று கத்தினார். அத்தனை நாள் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள். நேரே அந்த மஞ்சள் வட்டத்துக்குப் போனார்கள். தோண்டினார்கள், அடைத்தார்கள், மூடினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது! நான் ஆச்சரியப்பட்டு ஒருவரிடம் கேட்டேன்.

"ஏன் தம்பி, இவ்வளவு நீளத் தெருவுல ஓட்டை இங்கதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கிறதென்ன பெரியம்மா? அதான் வட்டம் போட்டு வச்சிருக்கோமே. ரொம்ப நாளா இருக்கு. கண்காணிப்புல இருந்துச்சு."

ஐயா! அம்மா! என் தெய்வமே! தெரிந்திருக்கிறது! இரண்டு வீடு சண்டை போட்டபோதும் தெரிந்திருக்கிறது. மரம் பட்டபோதும் தெரிந்திருக்கிறது. கசிவைக் கண்டீர்கள், வட்டம் வரைந்தீர்கள், வருஷத்தைக் கடத்தினீர்கள், வந்து வந்து வண்ணம் பூசினீர்கள்! கண்காணித்தீர்களாமே, எதைக் கண்காணித்தீர்கள்? எங்களில் யார் முதலில் வேகப்போகிறோம் என்றா?

என்ன தலைவரே, மணி அடிக்கிறீங்க? நேரம் முடிஞ்சிருச்சா? நல்லா இருக்கு நியாயம்! கோபத்துல வாயைத் தொறந்த எனக்குக் கெடு இருக்கு. வாயைப் பொளந்துக்கிட்டு மண்ணுக்குள்ள கெடக்கிற குழாய்க்குக் கெடு கிடையாதா? என்னையும் அந்த ஆபத்தில்லாத வகையிலேயே சேத்துக்கோங்க. கண்காணிச்சுக்கிட்டே இருங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன்!

பின்னால் ஒருவர் கேட்கிறார், "அப்போ கேஸ் அடுப்பே வேண்டாங்கறீங்களா?" என்று. வேணும்யா! எனக்கும் மூணு வேளையும் அடுப்பு எரியணும். அடுப்புல எரிய வேண்டியது தெருவுல ஏன் திரியுதுன்னுதான் கேக்குறேன்.

அது தெருவோடு நின்றாலும் பரவாயில்லை. எரியாமல் தப்பிக்கிற அந்த வாயு, மீத்தேன் என்று பெயராம், நேரே வானத்துக்குப் போகிறது. போர்வை போர்த்திய மாதிரி பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அடுப்பில் எரிந்து வருகிற கரியமில வாயுவைவிட எத்தனையோ மடங்கு அழுத்தமாகப் பிடிக்குமாம். டீச்சரம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக் கொடுத்தார். சின்னக் கசிவு என்கிறீர்களே, ஒரு தெருவுக்கு அது சின்னது. ஊர் ஊராக, தெருத் தெருவாக, வட்டம் வட்டமாக வருஷக்கணக்கில் கசிந்தால் அதுவும் சின்னதா? கடவுள் கொடுத்த காற்றையும் கண்காணிப்பில் வைத்துவிட்டோமா?

சரி. காவலாளி சொன்ன பதிலுக்கு வருகிறேன். யாரும் பதறி எழுந்திருக்காதீங்க. கதவு ஜன்னல் எல்லாத்தையும் தெறக்கச் சொல்லிட்டுத்தான் மேடை ஏறினேன்.

அவர் சொன்னார்: "கம்பெனிக்காரங்க காலையிலேயே வந்து பாத்தாங்கம்மா. இன்னிக்கு மட்டும் விளக்கு ஏத்த வேண்டாம்னுட்டாங்க. வாசப்படிக்குக் கீழ வட்டம் இருக்குல்ல, அதுக்காக."

கேட்டீர்களா? இந்த மண்டபத்து வாசலிலும் ஒரு மஞ்சள் வட்டம்! நாம் எல்லோரும் அதை மிதித்துத்தான் உள்ளே வந்தோம். அதிகாரி தம்பி, அது எந்த வகை? ஆபத்தில்லாத வகைதானே? அப்படியானால் அந்தத் திரிக்கு ஏன் பயந்தீர்கள்? நீங்க சொன்னீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

தலையாட்டுகிறார். நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. தலையக் குனியாதீங்க தம்பி, நீங்க செஞ்சது ரொம்பச் சரி! கசிகிற இடத்தில் நெருப்பு கூடாது என்று நினைத்தீர்களே, அது புத்தியுள்ளவன் செய்கிற காரியம். நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் வந்து உட்காரும் இடம் என்றால் விளக்கேற்றுவதையே நிறுத்துகிறீர்கள். நாங்கள் குடியிருக்கும் இடம் என்றால் வட்டத்தைப் போடுகிறீர்கள். உங்களுக்கு இருக்கிற உயிர்தானே என் தங்கச்சிக்கும் இருக்கிறது? அந்தப் புத்தியை ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளாமல் விதியில் எழுதி வையுங்கள் என்றால், ஏன் தம்பி தயங்குகிறீர்கள்?

தலைவர் அவர்களே! அரை நாள் வேலை அது. எங்கள் தெருவே சாட்சி. அந்த அரை நாளுக்காகக் காத்திருந்தவள் இதோ, ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒற்றைக் கைச் சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சரம்மா அதை வேறு யாரிடமும் தைக்கக் கொடுக்க மாட்டேன் என்கிறார். கண்டுபிடித்த கசிவுக்குக் கெடு வையுங்கள். கெடு தாண்டினால் தண்டனை வையுங்கள். அடைத்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள், வந்து கருவி வைத்துப் பாருங்கள். பெயின்ட் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுங்கள்!

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், உண்மைக்குத் தலையாட்டிய அதிகாரி தம்பிக்கும், கை வலியோடு என் வாயையும் தாங்கிக்கொண்ட தங்கச்சிக்கும், உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை. இன்றைக்குப் பாதி வணக்கம் சொல்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் அந்த வட்டத்தைத் தோண்டி அடைத்த அன்றைக்கு என்னைக் கூப்பிடுங்கள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்து, இந்த விளக்கை என் கையால் ஏற்றிவிட்டு, மிச்ச வணக்கத்தை மனசு நிறையச் சொல்லிவிட்டுப் போகிறேன்.