இடது ஓரத்தில் ஓர் அடி

சுண்ணாம்புத் தூளை ஈரக் கையால் அள்ளக் கூடாது, வெந்துவிடும். பதினோரு வருடமாக நம் கிளப் மைதானத்துக்குக் கோடு போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். புதுச் செயலாளரான நீங்கள் நேற்று டேப் பிடித்து அளந்துவிட்டு, அகலம் ஏன் குறைகிறது என்று கேட்டீர்கள். மரியாதையாகக் கேட்டதால் மறைக்க மனம் வரவில்லை.

தெட்சிணாமூர்த்தி ஆடி நீங்கள் பார்த்ததில்லை. கருக்களாச்சேரிக்காரன், என் சிநேகிதன். கால்பந்தில் இடது விங்கில் ஆடுவான். பதினெட்டு வயதிலேயே சென்னையில் ஒரு கிளப் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டது. ஓரக் கோட்டை உரசியபடியே பந்தைக் கொண்டுபோவான், கீழே பார்க்கவே மாட்டான்.

"எப்படிடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்தப் பக்கம்னா பூவரச மரத்தப் பாப்பேன், அந்தப் பக்கம்னா தண்ணித் தொட்டி. மிச்சம் காலுக்குத் தெரியும் மாப்ள."

நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்கிறவன். படித்ததைச் சாயங்காலம் கடற்கரையில் அவனுக்குச் சொல்வேன். ஊரில் அவன் ஒருவன்தான் கேட்பான். "அந்தக் கெழவன் குதிரைய வித்தானா இல்லியா?" என்று மறுநாள் வீட்டுக்கே வந்து நிற்பான். அவன் சென்னைக்குப் போன வருடம், எண்ணூறு பக்க ரஷ்ய நாவல் ஒன்று பதினோராம் அத்தியாயத்தில் நின்றுபோனது. பனியில் அவ்வளவு பேரை நிற்கவைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம் இல்லை.

எழுபத்தொன்பது மே மாதம் நம் டோர்னமெண்டுக்காக வந்தான். பைனலைப் பார்க்கக் கல்கத்தா கிளப்பிலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு. பிடித்துவிட்டால் ஒப்பந்தம். "மூணு வருசம்டா" என்று சிரித்தான். நாவலில் இன்னும் ஐந்நூறு பக்கம் இருந்தது.

பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. அதற்கு ஓர் அடி போதும். அரையிறுதிக்கு முன் பூவரச மரத்துப் பக்கம் மட்டும் கோட்டை ஓர் அடி உள்ளே போட்டேன், மூலைக் கொடியையும் நகர்த்தினேன். முதல் பாதியில் திணறினான், பக்கம் மாறியதும் பிரமாதமாக ஆடினான். என் தவறு புரிந்தது. பைனலுக்கு இரண்டு பக்கமும் நகர்த்தினேன். அளக்கும் கயிற்றிலும் முடிச்சை மாற்றிக் கட்டினேன். சந்தேகப்பட்டவர்கள் அதே கயிற்றால் அளந்து திருப்தி அடைந்தார்கள். மற்ற ஆட்டக்காரர்கள் கோட்டைப் பார்த்து ஆடுகிறவர்கள், அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

பைனலில் ஒன்பது முறை பந்து வெளியே போனது. "தம்பி, அப்புடியே ஓடுனா கடல் வந்துரும்" என்றது கூட்டம். லைன்ஸ்மேன் காதர் பாட்சாவுக்கு முகமே செத்துப்போனது. "நான் என்னப்பா பண்றது, வெளிய போவுது, கொடியத் தூக்குறேன்" என்றார். நேர்மையான மனிதர். கல்கத்தாக்காரர் கடைசி விசிலுக்கு முன்பே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

"காலு பொய் சொல்லுது மாப்ள" என்றான் தெட்சிணா. தோளில் கை போட்டுக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். பன்னிரண்டாம் அத்தியாயம் அன்றைக்கு நன்றாக அமைந்தது.

அதன்பின் சென்னையிலும் அவன் தரையைப் பார்த்தே ஓடினானாம். குனிந்து ஓடுகிற விங்கர் யாருக்கு வேண்டும். அடுத்த சீசனில் அனுப்பிவிட்டார்கள். கோட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் இரண்டாம் முறையும் அவன் காலைக் குழப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதனால்தான் நேற்று உங்கள் டேப்புக்கு இரண்டடி இடித்தது.

இப்போது அவன் அப்பாவின் படகில் மீன் பிடிக்கப் போகிறான். நாங்கள் நாலாவது நாவலில் இருக்கிறோம். முன்பெல்லாம் அலையைப் பார்த்தபடியே படகில் தாவுவான். இப்போது விளிம்பருகே நின்று, காலையும் படகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். தினமும் நான்தான் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறேன். ஒரு சிநேகிதன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி.