சைக்கிள் வளைந்த விதம்

மூதூர் போகும் லாஞ்சுப் படகுக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண் கணவனிடம் கேட்டாள்:

"ஏழு வயசுப் பிள்ளைக்கு நெல்லு மூட்டை ஏத்த ஏலுமோ?"

அவர் கையில், சட்டம் நிமிர்த்திப் புதுப் பெயின்ற் பூசிய சின்னச் சைக்கிள்.

"மெல்லக் கதை. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். மதிலிலை மோதினால் முன்பக்கம்தான் வளையுமாம். இது பாரம் ஏத்தி நடுவிலை தொய்ஞ்சதாம். சைக்கிள் திருத்தின கடைக்காரர் கண்ட உடனை சொல்லிப்போட்டார். மூட்டையை ஏத்தினது நீங்கள். மதிலிலை மோதினதெண்டு பழி பிள்ளைக்கு."

"அதுதான் நிமித்தியாச்சே."

"சைக்கிளை நிமித்திப்போட்டீங்கள். உங்கடை கதையை நம்பிப் பிள்ளைக்கு அடிச்சது நான்."

அவர் கடலைப் பார்த்தார். அவள் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அடிச்ச கை இது. நீங்கள் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுமட்டும் இந்தக் கையாலை உங்களுக்குச் சோறு இல்லை."