மகள் கொண்டு வந்த கேள்விக் கடதாசி

மன்னாரில் இருந்து விடத்தல்தீவுக்குப் போகும் மத்தியான பஸ். எனக்கு முன் இருக்கையில் சந்தையால் திரும்பும் இரண்டு பெண்கள். காலடியில் வெறும் மீன் கூடைகள். மூத்தவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"நேற்று என்ர மகளே வந்து என்னட்ட, 'உங்கட பேர் என்ன?' எண்டு கேட்டவள்."

"என்னக்கா, பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறாள். கம்பஸ்ஸில இருந்து கேள்விக் கடதாசியோட வந்தவள். பக்கத்தில அவளைப் படிப்பிக்கிற சேர் நிண்டவர்."

"வருசா வருசம் வந்து கேக்கிறவைதானே."

"ஓம். இந்தக் கரையில பூர்வீகமா இருக்கிற சனத்துக்கு உதவி செய்யப் போறம் எண்டு எழுதிக்கொண்டு போவினம். பிறகு ஆளைக் காணேலாது. இப்ப எங்கட பிள்ளையளையே படிப்பிச்சு, அவையளையே அனுப்பிவிடினம். குறையும் சொல்லேலாது. இவளுக்கு விடுதி எடுத்துக் குடுத்ததும் அவைதான்."

"நீங்கள் பதில் சொன்னனீங்களோ?"

"சொல்லாமல் என்ன செய்யிறது? எத்தினை பிள்ளையள் எண்டும் கேட்டாள். உன்னையும் சேர்த்து நாலு எண்டன்."

இளையவர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை.

"கிறிஸ்மஸுக்குப் பிறகு நேற்றுத்தான் வீட்டு வாசலுக்கு வந்தவள். கடைசியா, 'பல்கலைக்கழகத்திட்ட என்ன எதிர்பார்க்கிறீங்கள்?' எண்டு கேட்டாள்."

"என்ன சொன்னனீங்கள்?"

"சோறு ஆறுது, சாப்பிட்டிட்டுப் போ எண்டன். அதையும் எழுதிப்போட்டு, சேரோட கம்பஸ் வாகனத்தில ஏறிட்டாள்."