இலையில் வரப்போகும் முகம்

— அடுப்பை முதல்ல அணைச்சிடு. ஸ்பிரிட் பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது. சுடுதண்ணிச் சூடே போதும்.

— அணைச்சாச்சு. நான் சமைக்கிற அடுப்புல எவளோ ஒருத்தியோட மூஞ்சி வேகுது... அதுக்கு நான் எடுபிடி வேற.

— மூஞ்சி எங்க வேகுது? இலைதான் வேகுது.

— காலைல அந்த இலைமேல கிளிப் போட்டு மாட்டினீங்களே, அது மூஞ்சிதானே?

— அது நெகட்டிவ். பழைய ஃபிலிம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குன்னு சொன்னேனே.

— பாத்தேன். முடியெல்லாம் வெள்ளை, பல்லெல்லாம் கறுப்பு. உங்க ரசனை அப்படிப் போயிடுச்சு.

— நெகட்டிவ்ல அப்படித்தான் தெரியும். இலையில நேரா வந்துடும்.

— யாரு அவ?

— வரட்டும், பாரு.

— உங்க சயின்ஸ் டீச்சரா? லேப்ல பாட்டில் கழுவுற ஆளுக்கு வீட்டுலயும் வேலை குடுத்து அனுப்புறாங்களே, அவங்களா?

— அவங்க ரிட்டயர் ஆகப் போறாங்க.

— நான் வயசு கேக்கல.

— ...அந்த இடுக்கியை எடு. மெதுவா... பகலெல்லாம் கோட்டு தைக்கிற கைக்கு ஒரு இலையைத் தூக்கத் தெரியாதா? ஆங், அப்படித்தான். பாரு, பச்சையெல்லாம் ஸ்பிரிட்ல இறங்கிடுச்சு. இலை வெளுத்துப்போச்சு.

— பாவம். நல்லா இருந்த இலை.

— அந்தப் பச்சைதான் வெயிலைப் பிடிச்சு வைக்கிறது. வேர் தண்ணியை அனுப்பும், இலை காத்தை இழுத்துக்கும். வெயில் மட்டும் இருந்தா ரெண்டையும் சேத்துத் தனக்கு வேண்டியதைத் தானே சமைச்சுக்கும்.

— யாரும் பரிமாற வேண்டாம். யாரு வருவான்னு காத்துக்கிட்டு உக்காரவும் வேண்டாம். குடுத்து வச்ச செடி.

— கேளேன். தின்னது போக மிச்சத்தை மாவா இலையிலேயே சேத்து வச்சுக்கும். வெயில் படாத இடத்துல மாவு இருக்காது.

— சட்டைக்குக் கஞ்சி போடுவோமே, அந்த மாவா?

— அதேதான். அயோடின் பட்டா அந்த மாவு கருநீலமாயிடும். நெகட்டிவ்ல முடி வெளுத்து இருக்கு இல்ல... அது வழியா வெயில் உள்ள போகும், இலையில அந்த இடம் கறுக்கும். முகம் மட்டும் வெளிறி நிக்கும்.

— ரொம்ப அழகா நிப்பா போல.

— நிப்பா.

— ...சொல்றப்பவே வாயெல்லாம் சிரிப்பு.

— எனக்கா? நீ வேற... ஆமா, இது என்ன வாசனை?

— ஸ்பிரிட்.

— இல்ல, செடித் தொட்டிகிட்ட. அந்துருண்டை மாதிரி.

— என் மேல அடிக்குதா இருக்கும். துணி மடிச்சு வச்சேன். பேச்சை மாத்தாதீங்க. பள்ளிக்கூடத்துல செய்யிறதை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தீங்க?

— லேப் ஜன்னலுக்கு எதிர்ல கட்டடம் எழும்பிடுச்சு, வெயிலே இல்ல. நம்ம ஜன்னல்ல பகல் முழுக்க அடிக்குது. செடியை ரெண்டு நாள் லேப் அலமாரி இருட்டுல பட்டினி போட்டேன். பழைய மாவெல்லாம் தின்னு தீத்துடும் இல்ல, அப்பத்தான் புதுப் படம் சுத்தமா விழும். காலைல இங்க கொண்டுவந்து வச்சேன்.

— தெரியும். "ரெண்டு நாள் இருட்டுல கிடந்துட்டே, இன்னிக்கு வயிறாரச் சாப்பிடு"ன்னு சொன்னீங்க. செடிகிட்ட.

— நீ கேட்டியா?

— பின்னாடிதான் நின்னேன், டீயோட.

— டீ குடுத்தியா என்ன?

— ஆறிப்போச்சு. நானே குடிச்சுட்டேன்.

— ...சரி, தட்டைப் பிடி. அயோடினை ஊத்துறேன். ஆடாம பிடி.

— நான் ஆடல. எங்க உங்க அழகி?

— இரு, கொஞ்ச நேரம் ஆகும்.

— டீ கறை மாதிரிதான் இருக்கு.

— நீலமே வரலையே... ஃபிலிம் மூடாத ஓரத்துலகூட ஒரு புள்ளி இல்ல. இன்னிக்கு வெயில் நல்லாத்தானே அடிச்சுது?

— அடிச்சுது. கொடியில போட்ட துணியெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சுது.

— அப்ப மாவு எங்க போச்சு? பகல் பூரா ஜன்னல்ல நின்ன செடி மாதிரியே இல்லையே. இது... அந்துருண்டை. நம்ம துணி அலமாரியா?

— நீங்க தெருமுனை திரும்பினதும் உள்ள வச்சேன். கோட்டுக்கெல்லாம் நடுவுல. நீங்க வர்ற நேரத்துக்கு எடுத்து ஜன்னல்ல வச்சுட்டேன்.

— ஏம்மா?

— எவளுக்கோ என் ஜன்னல் வெயிலைக் குடுக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?

— அடக் கிறுக்கி... எவளோ இல்ல. நீதான் அது. கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்டுடியோவுல எடுத்துக்கிட்டியே, அந்தப் படம். படம் மழைல நனைஞ்சு வீணாப் போச்சேன்னு நீ அழுதே. பழைய பெட்டியை ஒழிச்சப்ப நெகட்டிவ் கிடைச்சுது. கண்காட்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இலையில வரவச்சு, காயவச்சு, கண்ணாடி போட்டு உன் கையில குடுக்கலாம்னு பாத்தேன். யாருன்னே தெரியாம ஒரு பகல் பூரா வயிறெரிஞ்சிருக்கியே.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நான்தான்னு. நீங்க போனதும் கிளிப்பைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சேன். காலர் ஒரு பக்கம் ஏறியிருந்துது. நான் முதமுதலா தைச்ச காலர். என் தையல் எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா அலமாரிக்குள்ள வச்சே? உன் படத்தையா?

— டீ கையைச் சுடுது, நான் நின்னுக்கிட்டே இருக்கேன். நீங்க குனிஞ்சு ஃபிலிம்ல இருக்கிற அவளையே பாக்குறீங்க... நிமிரவே இல்ல. அந்தச் செடியையாவது ரெண்டு நாள்ல இருட்டுலேர்ந்து வெளிய எடுத்து வச்சீங்க.