அம்பு நின்ற இடம்

பெரிதாக இருப்பதால் டேப்லட்டுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது, மேடம். உங்கள் மேசையில் இருக்கிறதே, அதில் சிம் போட இடமே கிடையாது. ஜிபிஎஸ்ஸும் கிடையாது. தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்கே தெரியாது. பக்கத்தில் இருக்கும் போன் சொன்னால்தான் உண்டு. போடியில் செல்போன் கடை வைத்திருக்கும் கார்முகில் அதை விற்கும்போதே இதையெல்லாம் விளக்கிவிட்டார். போனில் ஒரு ஆப், டேப்லட்டில் ஒரு ஆப். போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டால், போன் இருக்கும் இடத்தை டேப்லட் வாங்கித் தன் வரைபடத்தில் ஓர் அம்புக்குறியாகக் காட்டும். நெட் தேவையில்லை. மலையில் டவர் கிடைக்காத இடத்திலும் வேலை செய்யும். நல்ல ஏற்பாடு. அன்றைக்கும் அதில் ஒரு கோளாறும் இல்லை. அதனால் கார்முகிலைக் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

டேப்லட் ஜீப் ஓட்டும் என் கூட்டாளி தங்கபாண்டியுடையது. போன் என்னுடையது. அவனுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. போனில் வரைபடம் பார்த்து ஓட்ட முடியவில்லை. பெரிய திரையாக இருந்தால் தெரியும் என்று வாங்கினான். அவனிடம் இருந்ததோ பட்டன் போன். "ஓம்போனு இருக்குல்ல மாப்ளே, அது போதும்" என்றான். அப்படித்தான் என் போன் அவனுக்கு வழி சொல்ல ஆரம்பித்தது.

நாங்கள் தேவாரத்துக்காரர்கள். எனக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் சமயத்தில் யானை இறங்கும். ஒரு வருடம் முழுக்க விதைத்துவிட்டு ஒரே காலையில் மிதிபட்ட தட்டையைப் பார்த்து நிற்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் இந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் இருந்திருப்பீர்கள். அடுத்த வருடம் மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வேலியில் மின்சாரம் விட்டேன். கம்பி இழுக்க உதவியவன் தங்கபாண்டி. வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் உதவினான். ஒரு பெண் யானை மாட்டிச் செத்தது. கம்பியைச் சுருட்டிக் கிணற்றடியில் புதைத்தேன். அப்போதும் அவன் கூட இருந்தான்.

வனத்துறைக்காரர்கள் வந்தார்கள். ஊரில் யாரையும் விசாரிக்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போனார்கள், தோண்டினார்கள், எடுத்தார்கள். அந்த இடம் தெரிந்த ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். ஒருவன் நான்.

இதில் நான் ஆத்திரப்பட்டு முடிவுக்கு வந்தேன் என்று நினைக்க வேண்டாம். சிறையில் யோசிப்பதற்கு வேறு ஒன்றும் கிடையாது. எல்லாப் பக்கத்திலிருந்தும் யோசித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அவன்தான் வந்து நின்றான்.

நான் உள்ளே இருக்கும்போது என் தாயார் இறந்துபோனார். நான் ஒரே மகன். அனுமதி வாங்க வக்கீல் ஓடினார், தாள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கைதிகளைப் பார்க்க விடும் அடுத்த மனுநாளில் தங்கபாண்டி வந்தான். வலைக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு நின்றான்.

"ஆத்தாவுக்கு நாந்தான் கொள்ளி வச்சேன் மாப்ளே. ஓம்பேரச் சொல்லித்தான் வச்சேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்றான்.

நான் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டிக்கொடுத்து என்னை உள்ளே அனுப்பிவிட்டு, என் இடத்தில் நின்று, என் தாய்க்கு நெருப்பு வைத்துவிட்டு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்கிறான். சரி மாப்ளே என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவன் அழுதான். குற்றம் செய்தவன்தானே அழுவான் என்று தோன்றியது.

வெளியே வந்ததும் எனக்கு வேலை கொடுத்ததும் அவன்தான். நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தேன். "சும்மா வீட்ல ஒக்காந்து என்ன செய்யப்போற, எங்கூட வா" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டான். போடியிலிருந்து காலையில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவோம், திரும்பும்போது ஏலக்காய் மூட்டை லோடு. புதிதாக ஓர் எஸ்டேட் ஓட்டம் கிடைத்திருந்தது. அதற்குப் பிரிந்து போகும் மண் பாதை அவனுக்குப் பழக்கமில்லை. ஐப்பசியில் அங்கே மேகம் வந்து பாதையிலேயே உட்கார்ந்துகொள்ளும். பானெட் தெரியாது. அதற்குத்தான் டேப்லட். வெயில் அடித்த ஒரு நாளில் அந்தப் பாதை முழுவதையும் ஓட்டி, படத்தில் கோடாகப் பதிந்துகொண்டோம். மூட்டம் போட்டால் அந்தக் கோட்டின் மேல் அம்பு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நடை வேகத்தில் ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வளைவு வருவதைச் சொல்வேன்.

அந்தச் சங்கதியை எனக்குக் காட்டியதும் அவன்தான். ஒரு நாள் டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினோம். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனேன். அவன் வண்டியிலிருந்து சத்தம் போட்டுச் சிரித்தான்.

"ஏ மாப்ளே, இங்க பாரு கூத்த. ஜீப்பு இங்கயே நிக்கிது, அம்பு மட்டும் டீ குடிக்க நடந்து போகுது."

நானும் சிரித்தேன். கடைக்காரரும் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். டீயை அவனிடம் கொடுத்துவிட்டு நான் மறுபடியும் போனோடு கடைக்குப் பின்பக்கம் போனேன். ஒதுங்கப் போவதாகச் சொன்னேன். அம்பு எவ்வளவு தூரம் வரைக்கும் என்னோடு வருகிறது, எங்கே அறுபட்டு நிற்கிறது என்று திரும்பி வந்து அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் குழந்தை மாதிரி ஆர்வமாகச் சொன்னான்.

சம்பவத்தன்று மதியம் எஸ்டேட்டில் மூட்டை ஏற்றிக் கிளம்பினோம். அய்யம்மாள் என்று காய் எடுக்க வரும் அம்மா, காய்ச்சல் என்று முன்கூட்டியே மலையிறங்க வேண்டும் என்றார். தங்கபாண்டி பின்னால் மூட்டைமேல் இடம் பண்ணிக் கொடுத்தான். தன் துண்டையும் தலையில் கட்டிக்கொள்ளக் கொடுத்தான். வேறு வண்டியில் போகச் சொல்லலாமா என்று நான் யோசித்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

பாதி தூரம் வருவதற்குள் மூட்டம் இறங்கிவிட்டது. பின்னால் தார்ப்பாய் படபடவென்று அடித்தது. கயிற்றை நான் அவிழ்க்கவில்லை. கிளம்பும்போது சரியாகக் கட்டவில்லை, அவ்வளவுதான்.

"தார்ப்பாய் பறக்குது. காய் நனைஞ்சா ஏலத்துல எவனும் எடுக்க மாட்டான். எறங்கிக் கட்டுறேன்" என்றேன்.

"இரு, நிறுத்துறேன்."

"நிறுத்தாத. சேறு, நின்னா வழுக்கிரும். நீ மெதுவா விட்டுக்கிட்டே இரு, நான் நடந்துகிட்டே கட்டிட்டு ஏறிக்கிர்றேன்."

வழக்கமாகப் போன் டேப்லட்டுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தார்ப்பாயைக் கட்டினேன். நன்றாகவே கட்டினேன். பிறகு நின்றுகொண்டேன். ஜீப்பின் பின் விளக்கு சிவப்பாகத் தெரிந்து, மங்கி, இல்லாமல் போனது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பாதை அந்த இடத்தில் வலதுபுறம் ஒடியும். நேரே போனால் பள்ளம். அவன் பார்த்துக்கொண்டிருந்த திரையில் வளைவு இன்னும் தள்ளி இருந்தது, ஏனென்றால் நான் போனோடு பின்னால் தள்ளி நின்றேன்.

சத்தம் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஏலச்செடியும் சேறும் அமுக்கிவிட்டன போல. கொஞ்ச நேரம் கழித்து அய்யம்மாள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "காசிமாயா, காசிமாயா" என்று தெளிவாகவே கேட்டது. நான் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அந்தச் சரிவில் அவசரப்பட்டு இறங்கினால் நானும் வழுக்கியிருப்பேன், அது யாருக்கும் உதவியாக இருக்காது. குரல் நின்ற பிறகு எழுந்து எஸ்டேட்டுக்கு நடந்தேன். ஓடிவந்து சொன்னதாக முதலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்துதான் போனேன். எஸ்டேட் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஓடினேன்.

எஸ்டேட் ஆட்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். அய்யம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது. தங்கபாண்டிக்கு இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவனுக்கு ஆண்பிள்ளை கிடையாது. கூடப் பிறந்தவர்களும் இல்லை. "காசிதான் செய்யணும், அதுக்கு மேல அவருக்கு யாரு" என்று அவன் மனைவி அருணாவே சொன்னார். மறுக்க முடியுமா. மொட்டையடித்துக்கொண்டேன், கொள்ளி வைத்தேன். அப்போது என் மனம் ரொம்ப நாளைக்குப் பிறகு அமைதியாக இருந்தது. உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. இனி அவனும் நானும் சமம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தலையைத் துவட்டும்போது என் மனைவி சூர்யகலா வந்து எதிரே நின்றாள். சாவு வீட்டில் அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அந்த அண்ணன் போயிட்டாரு. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது" என்றாள். "பாரஸ்ட்டுக்குப் போன் பண்ணது நாந்தேன். கெணத்தடியச் சொன்னதும் நாந்தேன்."

நான் துவட்டுவதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"யானை செத்துக் கெடக்கு, நீங்க என்ன சொன்னீங்க? பத்து நாள் போகட்டும், மறுபடியும் கம்பி இழுப்பேன்னீங்க. நம்ம சிவரஞ்சனி அந்த வரப்புலதான பள்ளிக்கூடம் போறா. சொல்லிப் பாத்தேன், கேட்டீங்களா?"

"தங்கபாண்டிக்குத் தெரியுமா?"

"நீங்க ஜெயில்ல இருக்கும்போது அழுதுகிட்டே போய் அவருகிட்டச் சொன்னேன். 'ஒம் புருசங்கிட்டச் சொல்லிராத தாயி, ஒன்ன உசுரோட விடமாட்டான். எம்மேலதான் நெனப்பான், நெனச்சுட்டுப் போறான், எனக்குப் பழகிக்கிரும்'னாரு."

நான் துண்டைக் கொடியில் போட்டேன். சாப்பாடு எடுத்து வை என்றேன். சாப்பிட்டேன். அவள் வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது தெரிந்தது. நான் பாயை விரித்துப் படுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பிறகு நீங்கள் வந்தீர்கள், அய்யம்மாளுக்கு நினைவு திரும்பிவிட்டது என்று.

அய்யம்மாள் சொன்னது சரிதான். காய்ச்சலில் உளறுகிறார் என்று நேற்று நான் சொன்னதை அடித்துவிடுங்கள். வெறும் டேப்லட்டை நம்பி அவன் பள்ளத்தில் இறங்கவில்லை. அவன் கெட்டிக்கார டிரைவர், சக்கரத்துக்குக் கீழே மண் மாறியதுமே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜீப்பை நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தலையை வெளியே நீட்டிச் சத்தம் கொடுத்தான்.

"மாப்ளே, வளைவு வந்துருச்சா? எனக்கு ஒண்ணும் தெரியல. டேப்புல தள்ளித்தான் காட்டுது."

அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட அவன் இறங்கிப் பார்த்திருப்பான். நான் சொன்னேன்.

"தள்ளித்தான் இருக்கு மாப்ளே. நேரா விடு."

"சரி மாப்ளே" என்றான். கியர் விழும் சத்தம் கேட்டது.

இவ்வளவுதான். தார்ப்பாய், போன், கல்லில் உட்கார்ந்தது, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் நீங்கள் தவறாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், மேடம். சூர்யகலா சொன்னதை உண்மை என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் சொல்வது உண்மையானால், நான் எந்த நினைப்போடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தே அவன் தினமும் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். தெரிந்தே மூட்டத்துக்குள் நின்று என்னிடம் வழி கேட்டிருக்கிறான், நான் சொன்னதும் சரி மாப்ளே என்று கியரைப் போட்டிருக்கிறான். அப்படி ஒரு மனிதன் இருக்க முடியாது. செத்தவன் மேல் இருக்கும் பாசத்தில் அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: என்னைக் காட்டிக்கொடுத்தவன் தங்கபாண்டிதான்.